கோபம் வந்துகொண்டிருக்கிறது

எங்கள் பேருந்து நிலையத்தில் பஸ் தாமதமானால் ஓட்டுநரை யாரும் திட்டுவதில்லை. என் அக்காவைத்தான் திட்டுவார்கள். தாமதம் என்று சொல்வது அவள் குரல் அல்லவா. ஓட்டுநர் எங்கோ வழியில் இருக்கிறார். அக்காவோ எல்லோர் கண்ணிலும் படும்படி கண்ணாடி அறைக்குள் மைக்கோடு உட்கார்ந்திருக்கிறாள். அகப்பட்டவரைத்தானே திட்ட முடியும்.

அந்த அறைக்கு நேர் எதிரே என் டீக்கடை. அவள் வாயசைவதை நான் பார்த்துக்கொண்டே இருப்பேன், குரல் மட்டும் கூரையிலிருந்து வரும். அதனால் அவள் கதையைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவளையே சொல்லச் சொன்னால் பாதியில் யார் மேலாவது கோபம் வந்து வேறு கதைக்குப் போய்விடுவாள்.

அக்காவுக்கு ஆண்டவன் குரலை அள்ளிக் கொடுத்தான், கூடவே கோபத்தையும் அள்ளிக் கொடுத்தான். அறிவிப்பு செய்யும்போது தேன் ஒழுகும். மைக்கை அணைத்ததும் மிளகாய்தான். ஆனால் அந்த வேலை அவளுக்கு உயிர். "நான் சொன்னாத்தான்டா ஜனங்க வீட்டுக்குப் போய்ச் சேருது" என்பாள். பஸ் ஓட்டுகிறவர்கள் கேட்டால் சிரிப்பார்கள். அவள் அதை நிஜமாகவே நம்பினாள்.

மாமா, அதாவது அக்காவின் கணவர், குழாய் வேலை செய்கிறவர். ஊரில் எந்த வீட்டில் தண்ணீர் ஒழுகினாலும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். அவர் வீட்டுச் சமையலறைக் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டே இருக்கும். "ஞாயித்துக்கிழமை பாத்துடலாம்" என்பார். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று மட்டும் சொல்ல மாட்டார்.

வினை அந்தக் குழாயில்தான் தொடங்கியது. ஒருநாள் காலை அறிவிப்பை முடித்த கையோடு மாமாவுக்கு போன் போட்டாள் அக்கா. மைக்கை அணைக்க மறந்துவிட்டாள். "ஊருக்கெல்லாம் குழாய் மாட்டற மனுஷனுக்குச் சொந்த வீட்டுக்கு ஒரு வாஷர் போடத் துப்பில்லையா? ராத்திரி பூரா சொட்டு சொட்டுன்னு மண்டையில விழற மாதிரி இருக்கு. இங்க வந்தா அதுக்கு மேல. ஃபேன் ரிப்பேர்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது, அந்தத் தூங்குமூஞ்சி மேனேஜர் காதுலயே போட்டுக்க மாட்டேங்கறார்" என்று எல்லா நடைமேடைகளுக்கும் அறிவித்து முடித்தாள். அன்றைக்கு ஜனங்கள் நேரத்துக்கு பஸ் வந்தும் ஏறாமல் நின்று கேட்டார்கள். அதற்குப் பிறகு மாமா எந்தக் கடைக்குப் போனாலும், "அண்ணே, வீட்டுக் குழாய் சரியாயிடுச்சா?" என்பதுதான் முதல் கேள்வி.

மேலாளருக்கு வந்த கோபம் குழாய்க்காக அல்ல, தூங்குமூஞ்சிக்காக. அக்காவைக் கூப்பிட்டு, "இன்னொரு தடவை உங்க சொந்தக் கதை மைக்ல வந்துச்சுன்னா சாமான் அறைக்குப் போயிடுவீங்க. அங்க பெட்டிங்களோட எவ்வளவு வேணும்னாலும் பேசிக்கலாம், அதுங்க கேட்டுக்கும்" என்றார். சொன்னால் செய்கிற மனிதர் அவர். அக்கா அன்று என் கடைக்கு வந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே உட்கார்ந்திருந்தாள். அதற்கு முன் அவள் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

அப்புறம் ரத்த அழுத்தம் பார்க்கப் போனபோது டாக்டரம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறாள். அந்த அம்மா மாத்திரையோடு ஒரு யோசனையும் கொடுத்தார். "கோபம் வந்தா அதோட மல்லுக்கட்டாதீங்க. அடக்கவும் வேண்டாம். வருது, இருக்கு, போகுதுன்னு கவனிச்சுப் பாருங்க, போதும்."

"வருது, இருக்கு, போகுதுன்னு பாக்கறதுக்கு அது என்ன பஸ்ஸா?" என்று என்னிடம் வந்து பொரிந்தாள் அக்கா. பொரிந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஏதோ பொறி தட்டிவிட்டது.

மறுநாள் முதல் வீட்டில் புதுக் கூத்து. குழாய் சொட்டும். அக்கா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு, நிலையத்துக் குரலில் தொடங்குவாள்: "கவனிக்கவும். மாமா மேல் உள்ள கோபம் வயிற்றிலிருந்து புறப்பட்டு நெஞ்சுக்கு வந்துகொண்டிருக்கிறது. காது சூடாக இருக்கிறது. கையில் கரண்டி இருக்கிறது." கரண்டி என்றதும் மாமா இரண்டடி தள்ளி நிற்பார். "கோபம் சிறிது நேரம் நின்று புறப்படும். யாரும் ஏற வேண்டாம்." கடைசியில் அவளே சிரித்துவிடுவாள். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. அவளுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டதென்றே நினைத்தேன். ஆனால் அந்த வீட்டில் பாத்திரம் பறப்பது குறைந்தது என்பதை மறைக்க முடியாது.

இனி அந்த மழை நாளுக்கு வருகிறேன்.

காலையிலிருந்து விடாத மழை. பாலத்தில் தண்ணீர் ஏறி, ஒரு பஸ்ஸும் உள்ளே வரவில்லை. நிலையம் முழுக்க நனைந்த ஜனம், நனைந்த மூட்டை. தகரக் கூரை மேல் மழை போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதே கேட்காது. அக்காவின் அறையில் பழுதான ஃபேன் வேறு தன் பங்குக்குக் கத்திக்கொண்டிருந்ததால், கூரையிலிருந்து வரும் தன் குரலே அவளுக்குக் கேட்காது.

இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்ல வேண்டும். மைக் திறந்திருந்தால் அதன் அடியில் ஒரு சிவப்பு விளக்கு எரியும். முதல் விபத்துக்குப் பிறகு அக்கா அந்த விளக்கைக் கோயில் விளக்கைப் போலப் பார்த்துக்கொள்வாள். அது அணைந்திருந்தால்தான் வாயைத் திறப்பாள். அந்த விளக்கு இரண்டு நாள் முன்பு கருகிப்போய்விட்டது. மாற்றச் சொல்லி எழுதியும் கொடுத்திருந்தாள். தானே எழுதிக் கொடுத்ததைத் தானே மறந்தாள்.

"பேருந்துகள் தாமதமாக வரும்" என்று எத்தனையாவது தடவையாகவோ சொல்லி முடித்தபோது, பெரிய பெட்டியோடு ஒருவர் வந்து கண்ணாடியைத் தட்டினார். "உங்களுக்கென்ன, மழைபடாம உக்காந்துக்கிட்டு வாயில வர்றதைச் சொல்றீங்க. பொண்ணு பரீட்சை முடிஞ்சு அங்க தனியா நிக்குது. பஸ் வருமா வராதா, ஒண்ணு சொல்லுங்க" என்று கத்திவிட்டுப் போனார். அவர் கத்தலும் மைக் வழியே நிலையம் முழுக்கக் கேட்டது. அக்காவின் முகம் சிவந்தது இங்கிருந்தே தெரிந்தது. தலையைக் குனிந்து விளக்கைப் பார்த்தாள். எரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள். எனக்குப் பகீரென்றது.

கூரையிலிருந்து குரல் வந்தது. "கவனிக்கவும். பெட்டிக்காரர் மேல் உள்ள கோபம் சரியான நேரத்தில் நெஞ்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. தாமதம் இல்லை. இந்த நிலையத்தில் இன்று நேரத்துக்கு வந்தது இது ஒன்றுதான்."

ஜனம் அப்படியே நின்றது. நான் கல்லாவை விட்டுவிட்டு ஓடினேன். எங்கே ஓட, இடையில் ஆளும் மூட்டையும்.

"காது சூடாக இருக்கிறது. கண்ணாடியில் மழை வழிகிறது. மேசை மேல் டீ ஆறிப்போய் இருக்கிறது. தம்பி போட்டது. சூடாக இருந்தாலும் குடிக்க முடியாது." நாலு பக்கமும் சிரிப்பு எழுந்தது. அவசரத்திலும் எனக்கு மானம் போனது. "பெட்டிக்காரரின் பெண் எங்கோ தனியாக நிற்கிறாள். அவர் கத்தியது என்னைப் பார்த்து அல்ல, பயத்தைப் பார்த்து. கோபம் இப்போது புறப்படத் தயாராக இருக்கிறது. புறப்பட்டுவிட்டது."

பெட்டிக்காரர் பெட்டி மேலேயே உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். யாரோ அவர் கையில் என் கடை டீயைக் கொடுத்தார்கள். அவர் அதைக் குடித்தார் என்பதையும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.

நான் கதவருகே போவதற்குள் மேலாளர் குடையோடு உள்ளே நுழைந்துவிட்டார். முடிந்தது கதை என்று நினைத்தேன். "என்னம்மா இது?" என்ற அவர் குரலும் கூரையிலிருந்தே வந்தது. "மைக் ஓடிக்கிட்டிருக்கு. நிலையம் பூரா கேட்டுச்சு."

பிறகு அக்கா பேசினாள். "விளக்கு எரியல சார். அதை நம்பிட்டேன்." குரலில் தேனும் இல்லை, மிளகாயும் இல்லை. "இப்ப பயம் வந்திருக்கு. வயித்துல நிக்குது. எனக்கு இந்த நாற்காலி போயிடக்கூடாது சார்."

"எனக்கு வந்திருக்கற கோபத்தை நான் என்ன பண்றது?"

"உக்காருங்க சார். கொஞ்ச நேரம் நிக்கும். கிளம்பிடும்."

பதறிப்போன அவசரத்தில் இருவருமே சுவிட்சைத் தொட மறந்திருந்தார்கள். நிலையமே வாய்விட்டுச் சிரித்தது. "உக்காருங்க சார்" என்று நடைமேடையிலிருந்து யாரோ குரல் கொடுத்தார். கண்ணாடிக்குள் மேலாளர் சுற்றிலும் பார்த்தார், மைக்கைப் பார்த்தார், கருகிய விளக்கைப் பார்த்தார். பிறகு நிஜமாகவே உட்கார்ந்தார். எட்டிச் சுவிட்சை அணைத்தது அவர்தான்.

சாயங்காலம் பாலம் திறந்து பஸ்கள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் அக்கா பெயர் சொல்லி அழைத்து அனுப்பினாள். மேலாளர் அவளிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அதுதான் எங்களுக்குக் கிலி. வீட்டில் மாமா பையைத் திறந்து குழாயடியில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை கூட இல்லை. அன்றிரவு சொட்டும் சத்தம் இல்லாததால் அக்காவுக்குத் தூக்கம் வரவில்லையாம்.

மறுநாள் காலை சாமான் அறைச் சாவியை எதிர்பார்த்துக்கொண்டுதான் வந்தாள். அறைக்குள் மின்சாரத் தொழிலாளி ஏணி மேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். மைக்கின் அடியில் புது விளக்கு. "மேனேஜர் விடிஞ்சதும் வரச் சொல்லிட்டார்மா. இங்க உக்காரறவங்க தலையில ஃபேன் விழுந்துடக்கூடாதாம்" என்றார்.

அக்கா நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். சுவிட்சைப் போட்டுப் பார்த்தாள், சிவப்பு எரிந்தது. அணைத்தாள். கையால் தடவி இன்னொரு முறை உறுதி செய்துகொண்டாள். நான் டீயை நீட்டியதும் வாங்கி ஒரு வாய் குடித்து, வழக்கம்போல முகத்தைச் சுளித்தாள்.

"சந்தோஷம் வந்து சேர்ந்திருக்குடா" என்றாள், நிலையத்துக் குரலில், எனக்கு மட்டும் கேட்கும்படி. "எப்பக் கிளம்பும்னு தகவல் இல்ல. நிக்கற வரைக்கும் ஏறி உக்காந்துக்கறேன்."