பக்கத்து ஃபிளாட்டுப் பெடியனை மாற்றப் போகிறார்கள்

அந்தக் குளிர்காலம் முழுவதும் எங்கள் ஊர்க் கூடைப்பந்து அணி தோற்றுக்கொண்டே இருந்தது. எனக்கு அந்த விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் அணிக்கென்று அமெரிக்காவிலிருந்து எடுத்த இரண்டு பேரில் ஒருவனை, ஒடாஹுஹு என்ற புறநகரில் எங்களுக்குப் பக்கத்து ஃபிளாட்டில் குடிவைத்திருந்தார்கள். அதனால் அவர்கள் தோற்கிற நாட்களில் எனக்கும் மனம் சரியில்லாமல் போகும்.

இருபத்தைந்து வயது இருக்கலாம். எங்கள் வாசல் கதவுக்குள் குனிந்துதான் வரவேண்டும். வந்த புதிதில் ஒருநாள் வெளிப்படியில் தனியே இருந்து, பாண் துண்டுகளைத் தகரத்தில் அடைத்த மீனில் தொட்டுச் சாப்பிடுவதைக் குசினி யன்னலால் கண்டேன். கணவருக்குப் பின்னேர ஷிப்ட், வீட்டில் நானும் மகளும்தான். வெறும் ஐஸ்கிரீம் பெட்டி ஒன்றில் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் போட்டு மகளிடம் கொடுத்துவிட்டேன். அடுத்தநாள் பெட்டியைக் கழுவிக்கொண்டு வந்து, "தேங்க் யூ, மேம்" என்றான். எனக்கு வெளியாட்களோடு ஆங்கிலம் வராது. தமிழிலும் பெரிதாக வராது. தலையை ஆட்டினேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. பெட்டி போகும், பெட்டி வரும். அவனுக்கும் எனக்கும் இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

எனக்கு வேலை பென்ரோஸில் ஒரு கிடங்கில். கோப்பைகளைக் கடதாசியில் சுற்றிப் பெட்டிகளில் அடுக்க வேண்டும். அங்கே சுவரில் ஒரு றேடியோ. காலையிலிருந்து ஆட்கள் அதற்குப் போன் எடுத்து விளையாட்டைப் பற்றிக் கதைத்துக்கொண்டே இருப்பார்கள். என் மேசைக்கு எதிரே நின்று வேலை செய்தவர் மதுரைப் பக்கத்துத் தம்பி ஒருவர். கிரிக்கெட் இல்லாத மாதங்களில் அவருக்குக் கூடைப்பந்துதான் உயிர்.

ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்திருந்தார்கள். அன்று பின்னேரத்துக்குள் அணிகள் ஆட்களைக் கைமாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டிலிருந்து எடுத்தவனைத் திருப்பி அனுப்பிவிட்டு வேறொருவனை எடுக்கலாம். அதற்குப் பிறகு போட்டிகள் முடியும் வரைக்கும் இருக்கிற ஆட்கள்தான். இதெல்லாம் எனக்குத் தம்பி கோப்பைகளை வைத்து விளக்கியது.

"இங்க பாருங்கக்கா. இந்த நீலம்தான் நம்ம நெட்டையன். இந்தச் சின்னது, பந்தைக் கொண்டு வர்ற லோக்கல் பையன். பையனைத் தென்தீவுக்காரங்களுக்குக் குடுத்துட்டு அங்கேருந்து ரெண்டு பேரை வாங்கலாம். இல்லையா, ஆஸ்திரேலியாவுல ஒருத்தன் சும்மா உக்காந்திருக்கான், அவனைக் கூட்டிட்டு வரலாம். எப்படிப் போட்டாலும் இவன் போயாகணும்."

பச்சைக் கோப்பையை மேசை விளிம்புக்குத் தள்ளினார். அதுதான் எங்கள் பெடியன்.

"கோச்சை மாத்தச் சொல்லுறாங்களே?" என்று நான் றேடியோவில் கேட்டதைச் சொன்னேன்.

"கோச்சா ஓடப் போறாரு?"

"அப்ப அந்த நீலத்தைக் குடுத்தால் என்ன?"

"அக்கா, நெட்டையனைக் குடுத்து நெட்டையனை வாங்குறதுக்கு எதுக்கு இந்தப் பாடு? நீங்க எப்பேருந்து மேட்ச் பாக்க ஆரம்பிச்சீங்க?"

"நான் பாக்கிறேல்லை. சும்மா கேட்டன்."

"வந்தப்ப மான் மாதிரி இருந்தான். இப்ப நாலு எட்டு ஓடினா இடுப்புல கைய வைக்கிறான். எங்கயோ நல்லாச் சாப்பிடுறான்க்கா."

என் கையில் இருந்த கோப்பையை இரண்டாம் தரமும் சுற்றினேன்.

அதன் பிறகு எனக்குக் காதில் விழுந்ததெல்லாம் அவனுடைய வயிறுதான். ஒருவர் போன் எடுத்து, அவனுக்குப் பந்து வேண்டாம், கரண்டியைக் கொடுங்கள் என்றார். இன்னொருவர், கடை கடையாக, இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' தின்கிறான் போல என்றார். தேநீர் இடைவேளையில் எல்லாரும் சிரித்தார்கள். அது பை இல்லை, புட்டு என்று அந்தக் கிடங்கில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாப்பிடுகிறவனைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னால் நாவூறு படும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். மகள் இரண்டாம் தரம் சோறு வாங்கினால்கூட அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன். இங்கே ஒரு நகரமே அவனுடைய சாப்பாட்டைப் பற்றி றேடியோவில் கதைத்துக்கொண்டிருந்தது.

அடுத்த கிழமை பெட்டியில் புட்டும் இறைச்சியும் இல்லாமல், அவித்த கடலையும் கோவா இலை வறையும் மட்டும் போட்டேன். அதற்கு அடுத்தநாளும் அதுதான். மூன்றாம் நாள் பெட்டியோடு திரும்பி வந்த மகள், வழக்கம்போல ஆங்கிலத்தில் என்னை ஏசினாள். அம்மாவுக்கு என்னில் கோபமா, நான் ஏதாவது பிழை விட்டுவிட்டேனா என்று அவன் கேட்டானாம்.

"நீ என்ன சொன்னனி?"

தெரியாது என்று சொன்னாளாம். உண்மையைச் சொல்லட்டுமா என்று கேட்டாள். எந்த உண்மையை? நீ பாரமாகிவிட்டாய் என்று சாப்பாடு கொடுத்த கையாலேயே எப்படிச் சொல்லி அனுப்புவது? கொடுத்தாலும் பிழை, கொடுக்காவிட்டாலும் பிழை. அன்றைக்கு மறுபடியும் புட்டு அவித்தேன்.

புட்டு அவிந்துகொண்டிருக்க, எனக்குத் தெரிந்த ஒரேயொரு வைத்தியத்தையும் செய்தேன். உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்து, அவன் வீட்டுப் பக்கத்துச் சுவரை நோக்கி மூன்று தரம் சுற்றி, மின்னடுப்பில் போட்டேன். வீட்டுக்கூரையில் இருந்த புகைமணி கத்தத் தொடங்கிவிட்டது. மேல்வீட்டு ஆட்கள் இருமிக்கொண்டு இறங்கினார்கள். அவனும் வெறுங்காலோடு ஓடிவந்தான். கதிரையில் ஏறாமல், குதிக்காலைக்கூட உயர்த்தாமல், கையைத் தூக்கி மணியை நிறுத்தினான். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய, என்ன கறி என்று கேட்டான். மகள் சிரித்துக்கொண்டே தரையில் இருந்துவிட்டாள். எனக்குச் சிரிக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் தோற்றார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. காலையில் இருந்தே தம்பி கோப்பைகளை நிறுத்தி வைத்துக்கொண்டுதான் வேலை செய்தார். அவர் கழுவறைக்குப் போன நேரம் பச்சைக் கோப்பையை விளிம்பிலிருந்து எடுத்து நடுவில் வைத்தேன். வந்து பார்த்தார்.

"அக்கா, நீங்க வச்சாப்புல ஆச்சா?" என்று சிரித்துவிட்டுத் திரும்பவும் தள்ளி வைத்தார்.

அவன் என் பக்கத்து ஃபிளாட்டில் இருக்கிறான் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லி என்ன செய்வது? அடுத்த நிமிடம் அதையும் றேடியோவில் சொல்லியிருப்பார். அவர் கெட்ட மனிதர் இல்லை. அணி வெல்லவேண்டும் என்பதுதான் அவருக்கு.

வேலை முடிய முன்னமே செய்தி வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவிலிருந்து ஆள் வருகிறான், நீலமும் சின்னக் கோப்பையும் இருந்த இடத்தில் இருக்கின்றன, பச்சை அமெரிக்காவுக்குத் திரும்புகிறது. தம்பி மேசையில் தட்டினார். "நான் சொன்னேன்ல?" பிறகு அந்தக் கோப்பையை மற்றவற்றோடு சேர்த்து என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதைச் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தேன்.

ரயிலில் வரும்போது ஒரேயொரு யோசனைதான். அவனுக்குத் தெரியுமா, இல்லை, அவனுக்கு முன்னம் எனக்குத் தெரிந்துவிட்டதா?

படியில் இருந்தான். மடியில் கழுவின பெட்டி. என்னைக் கண்டதும் எழும்பி நின்று அதை நீட்டினான். ஏதோ சொன்னான். அதில் "ஹோம்" என்பது மட்டும் விளங்கியது. நான் பெட்டியை வாங்கவில்லை. அவன் சட்டைக் கையைப் பிடித்து எங்கள் வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. வேறு ஆம்பிளையின் கையைப் பிடிப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

மேசையில் இருத்திப் புட்டு வைத்தேன், கறி விட்டேன், கட்டைச் சம்பல் வைத்தேன். மகளைப் பார்த்துக் கையால் குழைத்துச் சாப்பிட்டான். பாதி கீழே விழுந்தது. இனிமேல் அவனுடைய சாப்பாட்டைப் பற்றி இந்த நாட்டில் ஒருவரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. எவ்வளவும் போடலாம். நானும் போட்டேன். திரும்பவும் போட்டேன். அடுத்த தரம் கரண்டியைக் கொண்டுபோனபோது, போதும் என்பதுபோலத் தட்டுக்கு மேல் கையை விரித்தான். தட்டே தெரியாமல் மறைக்கிற கை.

"காணுமாம், அம்மா," என்றாள் மகள், தமிழில்.

நான் கரண்டியோடு நின்றேன்.