அண்ணாச்சி சொல்லாத 'யூ'

மாம்பலம் ஸ்டேஷனிலிருந்து தி. நகர் பக்கம் இறங்கும் நடைமேம்பாலத்தில், ஒரு காலை வேளையில் அண்ணாச்சி சட்டென்று ஓரமாக ஒதுங்கி நின்றார். எதிரே யாருமே இல்லை. வெறும் காற்றைப் பார்த்துக் கைகூப்பி, "ஃபார் யூ, ஐ கேன் ஷோ அனதர் கலர்" என்றார். கர்ச்சீப் விற்றுக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து, "இன்னா பெர்சு, யாராண்ட பேசிக்கினு கீற?" என்றாள். "பரிட்சைக்குப் படிக்கேன் தாயி" என்றார் அண்ணாச்சி. அவள் சிரித்த சிரிப்பில் கர்ச்சீப் கட்டு சரிந்தது. அவரும் சிரித்தார், சிரித்த உடனே இருமினார்.

பிள்ளைகளே, நீங்கள் இருவரும் வீட்டில் ஆங்கிலத்தில் சண்டை போடுவதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வருகிறது. நான் வேலை பார்க்கும் ஜவுளிக்கடையில் பட்டுச்சேலை மாடிக்கு அவர்தான் சூப்பர்வைசர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மீசை அரும்பும் வயதில் முதலாளியோடு இந்த ஊருக்கு வந்தவர். வருகிறவர்களை அம்மா, தாயி, மதினி என்று அழைத்தே பாதி வியாபாரத்தை முடித்துவிடுவார். அப்படிப்பட்டவருக்கு வந்தது சோதனை. வெளியூரில் படித்துவிட்டுக் கடைக்கு வந்த சின்ன முதலாளி, மாடியில் நிற்கிற எல்லோருக்கும் ஆங்கிலம் பேச வரவேண்டும், பேசிக் காட்ட முடியாதவர்கள் பெருங்குடி குடோனுக்குப் போகவேண்டும் என்று சொல்லிவிட்டார். மற்றவர்களுக்குக் குடோன் என்றால் ஒரு படி இறக்கம், அவ்வளவுதான். அண்ணாச்சிக்கு வீசிங் இருந்தது. துணி மூட்டைப் பஞ்சுத்தூசி உள்ளே போனால் ஆபத்து, அந்தப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

கடை திறப்பதற்கு முன்னால் மேற்கு மாம்பலத்தில் ஒரு மாடி அறையில் வகுப்பு. சாந்தோமிலிருந்து ஒரு டீச்சர் வருவார். ஃபார், வித், டு என்று முதலில். பின்னால் யூ, ஹெர். அப்புறம் கேன், வுட், மே. வார்த்தைகளை வரிசையில் நிறுத்தி, பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஒருவர் பின்னால் ஒருவராக ஏற்றச் சொல்வார். எட்டாவதோடு நின்ற எனக்கு எல்லாம் முண்டியடித்துக்கொண்டுதான் ஏறின. அண்ணாச்சிக்கு வரிசை சீக்கிரமே பிடிபட்டது. யூ மட்டும்தான் தொண்டையில் நின்றது.

"சார், இங்கிலீஷ்ல நீயும் அதான், நீங்களும் அதான். மரியாதை வுட், மே மாதிரி வார்த்தையில இருக்கு" என்றார் டீச்சர்.

"வெளங்குது டீச்சர். வாய் கூசுதே."

பாலத்தில் தினமும் காற்றிடம் சொல்லிச் சொல்லிக் கூச்சம் தெளிந்தது. வடக்கேயிருந்து வந்த ஒரு அம்மாளிடம் சொல்லிச் சேலையும் விற்றுவிட்டார். "முகம் தெரியாதவங்கன்னா சொல்லிரலாம்டே" என்றார் என்னிடம். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

பேசிக் காட்டும் நாளன்று சின்ன முதலாளி, மாடி நடுவில் ஒரு நாற்காலி போட்டு, வாடிக்கையாளராகத் தன் அப்பாவான பெரிய முதலாளியையே உட்கார வைத்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. பெரியவரை கௌரவப்படுத்துவதாக நினைத்தார். நான் வேர்வையோடு ஏதோ சொல்லித் தப்பித்தேன். அண்ணாச்சி போய் நின்றார். சேலையைப் பிரித்தார். கைகூப்பி, "ஃபார்..." என்றார். அதற்கு மேல் வரவில்லை. கூப்பிய கை அப்படியே இருந்தது.

"சொல்லுங்க அண்ணாச்சி, கஸ்டமர் வெயிட் பண்றார்" என்றார் சின்னவர்.

"சார், அவருக்கு நல்லா வரும் சார். டெய்லி சொல்றாரு. வேற யாரையாச்சும் உக்கார வெச்சுப் பாருங்க" என்றேன் நான்.

"வர்ற கஸ்டமரை நம்ம இஷ்டத்துக்கு மாத்திக்க முடியுமா?" என்றார். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

பெரிய முதலாளிக்குப் புரிந்துவிட்டது. அவர் முகத்திலேயே அது தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சேலையின் ஜரிகையை விரலால் தடவிப் பார்த்தார், எழுந்தார், போய்விட்டார். அவர் எழுந்தபோது கால் இடறாமல் இருக்க நாற்காலியைப் பின்னால் நகர்த்தியது அண்ணாச்சிதான்.

அடுத்த மாதமே பெருங்குடி. அவர்மேல் எனக்குக் கோபம் வந்தது. ஒரு சின்ன வார்த்தை, மருந்து மாதிரி கண்ணை மூடிக்கொண்டு விழுங்கியிருக்கக்கூடாதா? அப்புறம் அந்தக் கோபம் பெரிய முதலாளி மேல் போயிற்று. இப்போது யார் மேலும் இல்லை. கடை திறந்ததிலிருந்து ஷட்டர் இறங்கும்வரை 'வுட் யூ லைக்' என்று சொல்லிச் சொல்லி நாக்கு மரத்துப்போகிறது. நின்று நின்று கால் வீங்குகிறது. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது, பிள்ளைகளே.

குடோனில் அவரால் ரொம்ப நாள் தாக்குப்பிடிக்க முடியவில்லை. இப்போது பாலவாக்கத்தில் மகள் வீட்டில் இருக்கிறார். போன வாரம் லீவு போட்டுவிட்டுப் பார்க்கப் போனேன். ஆளே பாதியாகிவிட்டார். மூச்சில் இழுக்கும் மருந்து சட்டைப்பையிலேயே இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேத்தி வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "தாத்தா, வில் யூ கம் டு த பீச் ஆர் நாட்?" என்று அதட்டினாள். உடனே செருப்பைத் தேடினார்.

"இன்னா அண்ணாச்சி, முதலாளிக்கு உங்க வாயில வராத யூவை இவ இவ்ளோ ஈசியா உங்களுக்குப் போடுறா?" என்றேன்.

"அவ சொல்லலாம்டே. அவ என்ன, எங்கிட்ட சம்பளமா வாங்குதா?"

இதைச் சொல்லும்போது அவர் சிரிக்கவில்லை. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே இறங்கினார். கடல் அந்தத் தெருவின் முனையில்தான். பாதித் தெருவில் ஒரு வீட்டு மதில்மேல் கை ஊன்றி நின்றுவிட்டார். அந்தச் சின்னப் பெண் இழுக்கவுமில்லை, ஏன் என்று கேட்கவுமில்லை. அவருக்கு மூச்சு திரும்பும்வரை மணலைக் காலால் கிளறிக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.