குதிகாலில் போட்ட தையல்

பேண்ட் தைப்பது என் தொழில். தையல் பிரிந்துவிட்டது என்று யாரும் என்னிடம் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் எனக்கு நிறையவே உண்டு.

தொண்ணூற்றெட்டில், மணியாச்சியில் ரயில்வே வேலையில் இருந்த என் வீட்டுக்காரர், கூட வேலை பார்ப்பவர்களோடு இமயமலை ஏறக் கிளம்பினார். அதற்கென்று கம்பளி சாக்ஸ் வாங்கி வந்தார். கோவில்பட்டி வெயிலில் அதைத் தொட்டாலே வேர்த்தது. இழுத்துப் பார்த்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. இது பாறையில் நாலு நாள் தாங்குமா என்று, குதிகாலுக்கு உள்பக்கம் பேண்ட் துணியை வைத்து மெஷினில் நெருக்கமாகத் தைத்துக் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து வந்தவர், "ஒரு நூல் பிரியல பாத்துக்கோ" என்று வாசலிலேயே சொன்னார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

துவைக்க எடுத்தபோதுதான் பார்த்தேன். நான் வைத்த துணியில் ரத்தம் காய்ந்திருந்தது. ஓடிப்போய் அவர் காலைப் பிடித்தேன். ரெண்டு குதிகாலும் தோலுரிந்து கிடந்தன. காலோடு நெளிந்து கொடுக்க வேண்டிய கம்பளியை நான் கட்டிப் போட்டிருக்கிறேன்.

"அங்கனயே பிரிச்சுப் போட்டிருக்கலாம்லா?"

"பிளேடு கையிலதான் இருந்துது. நீ மெனக்கெட்டு தச்சது. மனசு வரல."

அடுத்த வருசமும் போனார். புது சாக்ஸில் நான் ஊசியே வைக்கவில்லை. திரும்பி வந்து, "கிழிஞ்சிட்டு, தச்சுக் குடு" என்று நீட்டினார். நான் முதலில் காலைப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை.

பிரிந்த நூலைப் பார்த்து நான் சந்தோசப்பட்டது அந்த ஒரு தடவைதான்.