மணலை ருசி பார்த்த தேசப்பன் மேஸ்திரி

என் நைனா தேசப்பன் மேஸ்திரியைப் பற்றி எங்கள் குப்பத்தில் யாரைக் கேட்டாலும் மூன்று வார்த்தை சொல்வார்கள். உழைப்பாளி, குடும்பஸ்தர், பாவம். முதல் இரண்டும் சத்தியம். மூன்றாவதைச் சொல்கிறவர்கள் வாயில் ஒரு பிடி மண்ணை அள்ளிப் போட எனக்குக் கை பரபரக்கும். பாவமாம் பாவம்! அவரை அப்படி ஆக்கியது யார் என்று ஒருத்தராவது கேட்டார்களா?

கேட்கவில்லை. அதனால் நானே சொல்கிறேன். நான் சம்பூர்ணம், அவருடைய மூத்த பெண்.

எங்கள் குப்பம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிறது. மற்ற வீட்டு ஆண்கள் விடியுமுன்னே கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு கடலுக்குப் போவார்கள். நைனா கொத்துக்கரண்டியையும் ரசமட்டத்தையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு கடலுக்கு முதுகைக் காட்டிப் போவார். கல்பாக்கம், திருக்கழுக்குன்றம், செங்கல்பட்டு என்று எங்கே கட்டடம் எழும்பினாலும் அங்கே போவார். அவர் எழுப்பிய சுவரில் ஒரு விரிசலைக் காட்டினால் என் காதை அறுத்துக்கொள்கிறேன்.

கடலோரத்துக் கொத்தனாருக்கு ஒரு சபலம் எப்போதும் பக்கத்திலேயே இருக்கும். வாசலைத் தாண்டினால் மணல், கேட்பாரில்லை. ஆனால் அதில் உப்பு. அதைக் கலவையில் போட்டால் சுவர் பூத்துப் பொரிந்து, ஒரு நல்ல மழையில் உட்கார்ந்துவிடும். வாயலூர்ப் பக்கம் போய்ப் பாலாற்று மணலை வண்டியில் அடிக்க வேண்டும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் ஒவ்வொரு வண்டி வரும்போதும் நைனா ஒரு சிட்டிகை மணலை எடுத்து நாக்கில் வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். துப்பிவிட்டு, "ம், கொட்டு" என்பார். சில நாள் "திருப்புடா வண்டிய" என்பார். வண்டிக்காரன் தலைகீழாக நின்றாலும் அப்புறம் பேச்சு கிடையாது.

அம்மா ஆதியம்மாளுக்கு இதில் ஒரு கிண்டல். "கொழம்புல உப்பு இல்லன்னா இந்த மனுசனுக்குத் தெரியாது, கம்முனு துன்னுட்டு எழுந்துடுவாரு. மண்ணுல உப்பு கீதுன்னா மட்டும் கண்டுபுடிச்சிடுவாரு."

"நீ போடுற உப்புல வூடு சாயாதுடி" என்பார் நைனா.

சிமென்ட்டும் சுண்ணாம்பும் தின்று அவர் விரல் இடுக்கெல்லாம் வெடித்துக் கிடக்கும். குழம்புச் சோற்றைப் பிசைந்தால் எரியும். அம்மாதான் பிசைந்து உருட்டிக் கொடுப்பாள். அந்தக் கையோடுதான் தினமும் எங்கள் மூன்று பெண்களையும் சைக்கிளில் முன்னும் பின்னும் ஏற்றி மாமல்லபுரத்துப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். "பொட்டப் புள்ளைங்களுக்கு எதுக்கு இம்மாம் தூரம் படிப்பு?" என்று கேட்டவர்களுக்கு, "என் சைக்கிளு, என் முட்டி, உனக்கு இன்னா வலிக்குது?" என்று ஒரே பதில்தான்.

எழுபத்து மூன்றில் எங்கள் குப்பத்துக்கே இரண்டு அறைப் பள்ளிக்கூடம் வந்தது. கட்டுகிற வேலையைச் செங்கல்பட்டு காண்ட்ராக்டர் கங்காதரன் எடுத்து நடத்தினார். மேஸ்திரி என் நைனா. கடைக்குட்டி அதில்தான் படிக்கப் போகிறாள் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே அம்மாவின் தம்பி லட்சுமணனையும் வேலைக்குச் சேர்த்தார். அந்த ஆளுக்குக் கரண்டி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நைனாதான். தாய்மாமன் என்பதால் மரியாதை கொடுத்தே எழுதுகிறேன். மனசில் கொடுக்கவில்லை.

அஸ்திவாரம் முடிந்து மூன்று சுவர் எழும்பியிருந்தபோது எனக்கு மஞ்சள் நீராட்டு வைத்தார்கள். நைனா மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. அதுவரை எந்த வேலையிலும் இடத்தை விட்டு நகராத மனுஷன், "நம்ம மச்சான் நிக்கிறான், அப்புறம் இன்னா?" என்று கரண்டியை லட்சுமணன் கையில் கொடுத்துவிட்டு வந்தார். வேறு யாராக இருந்திருந்தாலும் கொடுத்திருக்க மாட்டார். மாமாவும் சீர்வரிசைத் தட்டைச் சபையில் வைத்து எனக்கு மாலை போட்டுவிட்டு, பந்தியில்கூட உட்காராமல் வேலைக்கு ஓடினார். "பார்த்தியா உன் தம்பிக்குப் பொறுப்ப!" என்று நைனா அம்மாவிடம் பெருமையடித்தார். அட கடவுளே, என்ன பொறுப்பு! அங்கே கடல் மணலைக் கலந்து மேற்குச் சுவரை எழுப்பத்தான் அந்த ஓட்டம்.

நாலாம் நாள் நைனா போய்ப் பார்த்தார். ஈரம் காயாத கலவையை நகத்தால் சுரண்டி நாக்கில் வைத்தார். நான் அவருக்குச் சோறு கொண்டுபோயிருந்தேன். அவர் முகம் மாறியதை என் கண்ணால் பார்த்தேன்.

"இன்னா சார் இது? கடல் மண்ணு போட்டுக்கீறாங்க."

"பாலாத்துல தண்ணி மேஸ்திரி, வண்டி எறங்கல. ஒரு செவுருதானே, பூசிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றார் கங்காதரன்.

"எனக்குத் தெரியுமே சார். கொயந்திங்க குந்துற எடம். இடிச்சுடலாம். கூலி வாணாம், நானே திரும்பக் கட்டித் தரேன்."

கங்காதரன் சிரித்தார். "பெரிய அரிச்சந்திரன்! வேலையப் பாருய்யா" என்றார். நைனா மாமாவைப் பார்த்தார். மாமா தரையைப் பார்த்தார். மிச்சமிருந்த குவியலில் ஒரு பிடி மணலை நைனா என் சோற்றுத் தூக்கின் மூடியில் அள்ளிக்கொண்டு, அன்றைக்கே வேலையை விட்டு வந்தார். அந்த மணலை ஒரு பால்மாவு டப்பாவில் போட்டு மூடி பரணில் வைத்தார். மறுநாளிலிருந்து லட்சுமணன்தான் மேஸ்திரி.

நைனா சும்மா இருக்கவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது, அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் மனு எழுதினேன். இரண்டு பேரும் பஸ் ஏறிச் செங்கல்பட்டுக்குப் போய் ஆபீஸில் கொடுத்தோம். அங்கிருந்தவர் வாங்கி மேஜைமேல் வைத்து, பறக்காமலிருக்க ஒரு கண்ணாடிக் குண்டை அதன்மேல் வைத்தார். அந்தக் குண்டை இன்றுவரை யாரும் எடுக்கவில்லை போலிருக்கிறது.

அடுத்த வருஷம் ஐப்பசி மழையில் மேற்குச் சுவர் மட்டும் விழுந்தது. மத்தியான நேரம். பிள்ளைகள் தட்டு கழுவ வெளியே போயிருந்தார்கள். சாப்பாடு சமைக்கிற மேரியக்கா உள்ளே பெருக்கிக்கொண்டிருந்தாள். அவள் கால் இரண்டாக முறிந்தது. கொஞ்சம் முன்னால் விழுந்திருந்தால் என் தங்கையோடு சேர்த்து முப்பது பிள்ளைகள்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். பள்ளிக்கூடத்து வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி கலவையை ஒழுங்காகக் கலக்கவில்லை, அதுதான் காரணம் என்றார் கங்காதரன். அஸ்திவாரத்திலிருந்து மேஸ்திரி என்று தாளில் இருந்த பெயர் தேசப்பன். வேலையை விட்டு வந்ததற்கு ஏது தாள்? நாங்கள் கொடுத்த மனுவைப் பற்றிக் கேட்டால், அப்படி ஒன்று வரவே இல்லையாம்.

நைனா டப்பாவைத் திறந்து நீட்டினார். "ஐயா, இதுதான் அந்த மண்ணு. நாக்குல வெச்சுப் பாருங்க, உங்களுக்கே தெரியும்."

"மண்ணு துன்னவா நான் வந்துக்கீறேன்?" என்றார் அதிகாரி. ஊரே சிரித்தது. எங்கள் ஊர், எங்கள் ஜனம், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது!

நைனா கோபப்படவில்லை. டப்பாவை மாமாவிடம் கொண்டுபோனார். "மச்சான், நீ சொல்லு. உனக்கும் இந்த நாக்கு நான் பழக்கினதுதான்."

லட்சுமணன் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கங்காதரனைப் பார்த்தார். துப்பினார்.

"கரிக்கலியே, மாமா."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் என் நைனாவின் இருபத்தைந்து வருஷ வேலை மண்ணாகப் போனது. திரும்பக் கட்டுகிற வேலையும் அதே கங்காதரனுக்குத்தான் கிடைத்தது. திருடன் கையில் சாவி கொடுத்த கதை. இந்தத் தடவை மட்டும் பாலாற்று மணல் ஒழுங்காக வந்து இறங்கியது.

அதற்கப்புறம் அவரை மேஸ்திரி என்று யாரும் கூப்பிடவில்லை. 'உப்பு மேஸ்திரி' என்றார்கள், அதுவும் சிரித்துக்கொண்டு. இந்தக் கரையில் ஒரு மாட்டுக்கொட்டகை கட்டக்கூட அவரைக் கூப்பிட ஆள் இல்லை. முதல் பஸ்ஸில் செங்கல்பட்டுக்குப் போய், பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் கூலிக்கு நிற்கிறவர்களோடு நின்றார். அவர் தொழில் சொல்லிக்கொடுத்தவர்களுக்குக் கீழே கல் சுமந்தார். ஆனால் எங்கள் படிப்பை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகள் கேலி செய்கிறார்கள் என்று நான் அழுதபோது மட்டும், "நம்ம செவுரு எதுனா விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்ப போய்ப் படி" என்றார்.

எழுபத்தெட்டில், சாரத்தில் நின்றுகொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், அப்படியே போய்விட்டார். நாற்பத்தாறு வயசு.

சாவுக்குக் கங்காதரன் ரோஜா மாலையோடு வந்தார். கூட்டத்துக்குக் கேட்கிற மாதிரி, "நல்ல உழைப்பாளி. குடும்பமே கதின்னு இருந்தவரு. பாவம், அந்த ஒரு வேலையில சறுக்கிட்டாரு" என்றார். ஊர் தலையாட்டியது. நான் எழுந்தேன். அம்மா என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் லட்சுமணன் மாமா வந்தார், கையில் கோடிப் புடவையோடு. பிறந்த வீட்டுக் கோடியைத் தம்பி போட்டால்தான் பிணம் வாசல் தாண்டும். அம்மா அவரை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எழுந்து உள்ளே போனாள். பரணிலிருந்து அந்தப் பால்மாவு டப்பாவை எடுத்து வந்து மூடியைத் திறந்தாள்.

"கோடிய அப்பறம் போடலாம். மொதல்ல இத்த வாயில போடு."

"இன்னாக்கா இது, சாவு வூட்ல…"

"போடுடா."

பெரியவர்கள் சமாதானம் சொல்ல வந்தார்கள். "நீ கம்முனு இரு பெரியப்பா. அன்னிக்கு அவரு கேட்டப்போ சிரிச்சீங்க இல்ல? இன்னிக்கு நான் கேக்கறேன், சிரிங்க பார்க்கலாம்" என்றாள் அம்மா. யாரும் சிரிக்கவில்லை. மேரியக்கா தடியை ஊன்றிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் வந்து நின்றாள்.

மாமா ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். வெகுநேரம் துப்பவில்லை.

"கரிக்குதுக்கா."

"ஊருக்குக் கேக்குற மாதிரி சொல்லு."

"கரிக்குது! அன்னிக்கும் கரிச்சுது" என்று அலறினார் மாமா. "மாமா சொன்னது நிஜம். நான்தான் புளுகினேன்."

கங்காதரன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். அம்மா அவர் போட்ட மாலையை நைனாவின் மார்பிலிருந்து எடுத்துக் கங்காதரன் காலடியிலேயே போட்டாள். அதற்கப்புறம்தான் கோடிக்குத் தலையைக் குனிந்தாள்.

மாமா வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார். சாவு வீட்டில் அத்தனை குடம் தண்ணீர் இருந்தது. ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.