கதிரையை விட்டு எழும்பாத ராஜி அக்கா

ராஜி அக்கா செத்துப்போனா. முந்தாநாள் காலமை.

கடை வாட்ஸ்அப் குரூப்பில் எல்லோரும் கும்பிடுகிற கையைப் போட்டு, "தங்கமான மனுஷி" என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பொய் வராது.

வெள்ளவத்தை காலி வீதியில் ஒரு புடவைக்கடை. நான் ஆறு வருஷம் சேல்ஸ் கேர்ள், அவ கேஷியர். எங்களை மேய்ப்பதும் அவதான். நாங்கள் பதினொரு பெண்கள், நாள் முழுக்க நிற்கவேண்டும். கீழ் மாடியில் ஒரே ஒரு கதிரை... அது அவவுக்கு.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். அப்போது பெயர் தெரியாது. மாதத்தில் மூன்று நாள் அடிவயிற்றை ஈரச்சேலை மாதிரிப் பிழியும், அதுமட்டும் தெரியும்.

என் கடைசி வருஷம் ஒருநாள், கூறைச்சேலை விரித்துக் காட்டும்போதே கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, பத்து நிமிஷம் அந்தக் கதிரையில இருக்கட்டே?"

"எங்களுக்கு வராத வயித்துக்குத்தே உமக்கு வருது? போம், கஸ்டமர் நிக்கினம்."

அசையவே இல்லை. நான் ட்ரையல் ரூமுக்குள் நிலத்தில் குந்தியிருந்து சத்தி எடுத்தேன்.

வெள்ளிக்கிழமை என்றால் இன்னும் கேவலம். சாமிப்படத்துக்கு விளக்கேற்ற முதல், ஆம்பிளை ஸ்டாஃப் எல்லாம் நிற்கும்போதே கேட்பா: "இண்டைக்கு ஆர் ஆர் சுகமில்லாத ஆக்கள்? அங்கால தள்ளி நில்லுங்கோ." எத்தனை வெள்ளி கூனிக்குறுகி நின்றிருப்பேன்...

அந்தக் கடைசி வருஷம் விளக்கேற்றுவதை முதலாளியிடம் விட்டுவிட்டா. முழங்கால் நோவாம். ஆனால் கதிரையில் இருந்தபடியே எங்களைத் தள்ளி நிற்கச் சொல்வது மட்டும் நிற்கவில்லை.

அந்த வருஷம் எப்போதும் கறுப்புச்சேலை. கதிரையில் மடித்துப் போட்ட டவல். நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்ட பிறகுதான் எழும்புவா. வேவு பார்க்கிறா என்று வாய் நிறையத் திட்டியிருக்கிறேன்.

நேற்று கொட்டாஞ்சேனைக்கு, செத்தவீட்டுக்குப் போனேன். முகத்தைப் பார்த்து மனதுக்குள்ளாவது நாலு கேள்வி கேட்கத்தான்.

அவவின் தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதா. "பீரியட்ஸ் நிண்டு நாலு வருஷத்தால திரும்ப ரத்தம் போகத் தொடங்கியிருக்கு. ரெண்டு வருஷம் ஒருத்தருக்கும் மூச்சு விடேல்ல, பிள்ளை. டொக்டரிட்டக் கொண்டுபோகேக்க கர்ப்பப்பை கான்சர் முத்திப்போச்சு."

அந்த டவல்... அந்தக் கறுப்புச்சேலை.

உங்களுக்கே ரத்தம் போய்க்கொண்டிருந்தது, அக்கா. இருந்தும் எங்களைத்தான் தள்ளி நிற்கச் சொன்னீங்கள், என்ன?

என் நோய்க்குப் பெயர் சொன்ன டொக்டர் கடையில் இருந்து மூன்று பஸ் ஹோல்ட் தூரம்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், திட்டித் திட்டியாவது நானே கூட்டிக்கொண்டு போயிருப்பேன்.

கோபம் ஆறவில்லை. மன்னிக்கவும் இல்லை.

போங்கோ, ராஜி அக்கா. இனி எழும்பலாம்... பின்னால் நின்று ஒருத்தரும் பார்க்கமாட்டினம்.