கறுப்புக் கன்னக் குருவி

அனல்மின் நிலைய வேலையிலிருந்து ஓய்வுபெற்ற என் கணவர், எண்ணூரில் எங்கள் வீட்டு பால்கனியில் உட்கார்ந்து சிட்டுக்குருவி பார்க்க ஆரம்பித்தார். பறவை பார்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்ததும் அவர் பேச்சே மாறிவிட்டது. வீட்டுச் சிட்டுக்குருவி உலகம் முழுக்க ஒரே இனம்தானாம். ஊருக்கு ஊர் துணையினம்தான் வேறாம். ஐரோப்பியக் குருவிக்குக் கன்னம் சாம்பல் நிறம், நம்முடைய ‘இண்டிகஸ்’ குருவிக்கு வெள்ளை. குழம்பு கொதிக்கும்போது இதையெல்லாம் நான் கேட்க வேண்டும்.

ஒரு நாள் காலையில் கத்தினார். “இங்க வாயேன்! கன்னம் கறுப்பா கீது பாரு!”

கம்பியில் ஒரு ஆண் குருவி. உடம்பு முழுக்கக் கறுப்பு.

“கரித்தூள்யா அது. கொடியில காயற துணியும் அப்டித்தான் கீது.”

“உனுக்கு இன்னா தெரியும்? இது புதுத் துணையினம்!”

மாலைக்குள் ‘எண்ணூரென்சிஸ்’ என்று பெயரே வைத்துவிட்டார். பெற்ற பிள்ளைகளுக்குப் பெயர் வைக்க இந்த வேகம் காட்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை குழுவினர் அடையாறிலிருந்து முகக்கவசம் போட்டுக்கொண்டு, கேமராவோடு வந்தார்கள். நான் பஜ்ஜி போட்டேன். குழுத்தலைவர் குருவியை வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

“உப்புக்காத்துக்கு ஏத்த தகவமைப்பா இருக்கலாம்,” என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். என் கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அப்போது குருவி கீழே இறங்கி, நாங்கள் வைத்திருந்த தண்ணீர்த் தட்டில் குளிக்க ஆரம்பித்தது. தண்ணீர் மை மாதிரி ஆனது. மறுபடி கம்பியில் ஏறிச் சிலிர்த்தபோது கன்னம் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

“இண்டிகஸ்,” என்றார் தலைவர், தொண்டையைச் செருமிக்கொண்டு. தகவமைப்பு பற்றி அப்புறம் பேச்சே இல்லை. பஜ்ஜி தீர்ந்ததும் கிளம்பிவிட்டார்கள்.

நான் சிரிக்கத்தான் நினைத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

“எண்ணூர்னா கரி, கலீஜுன்னுதான் சொல்றானுங்கோ. நம்ம ஊர் பேர்ல ஒரு குருவியாவது இருக்கட்டுமேன்னு பார்த்தேன்,” என்றார் மெதுவாக. நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

சாயங்காலம் குழுவில் அந்தக் குருவியின் படம் வந்தது, குளித்த பிறகு எடுத்தது. கீழே, ‘இண்டிகஸ், ஆண். இடம்: சென்னை’ என்று போட்டிருந்தார்கள்.

அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தட்டித் திருத்தம் அனுப்பினார்: ‘எண்ணூர்.’