இரண்டு தட்டு, பிறகு ஒன்று

பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் முதலில் சிரிப்பவள் நான்தான். எங்கள் ஃப்ளாட்டில் லிஃப்ட் தானாகத் திறந்துகொண்டால் மற்றவர்கள் முருகா என்பார்கள், நான் மேனேஜ்மென்ட்டைத் திட்டுவேன். அதனால் நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் நானாக இருந்தால் நம்பியிருக்கவே மாட்டேன்.

பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மின்சாரக் குத்தகையாளரின் ஆபீஸில் எனக்கு வேலை, ஸ்கிரீன் பார்ப்பது. தெருமுனைகளில் பூட்டிக் கிடக்கும் சின்ன மின்சாரக் கட்டடங்கள் இருக்கின்றன அல்லவா, பென்சாவாங் என்போமே, அவற்றுக்குள் சென்சார் வைத்திருக்கிறோம். கரண்ட் ஓடுகிறதா, சூடு ஏறுகிறதா, உள்ளேயிருக்கும் சுவிட்ச் பெட்டி அதிர்கிறதா, எல்லாம் இணையம் வழியாக என் மேசைக்கு வந்துவிடும். வெளியே வேலை பார்ப்பவர்கள் எனக்குப் போன் போட்டு, நான் "தொடலாம்" என்ற பிறகுதான் கை வைப்பார்கள். முன்பெல்லாம் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்டர் இல்லாமல் யாரும் கிட்டே போக மாட்டார்கள். சென்சார் வந்ததும் அதை லோரியில் ஏற்றுவதையே விட்டுவிட்டார்கள்.

வெளியே வேலை பார்க்கும் செல்வம் அண்ணனும் அப்படித்தான். ஆனால் அவருக்கு ஒரு பழக்கம், கை வைக்குமுன் பெட்டியை விரல் முட்டியால் தட்டுவார், இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி இன்னொன்று. ஏன் என்று கேட்டால் சிரிப்பார். என் திரையில் அது மூன்று கோடாக எழும்.

ஒருநாள் மத்தியானம் கிள்ளானில் பேய்மழை. அண்ணன் போனில் வந்தார், லைன் ஆஃப்தானே என்று கேட்டார். திரையில் பூஜ்யம். "தொடலாம்" என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் கோடுகள் எழுந்தன. இரண்டு, பிறகு ஒன்று. எனக்கு எரிச்சல் வந்தது.

"நான் சொல்றதுக்குள்ள ஏன் அண்ணே தட்டுறீங்க?"

"யாரும்மா தட்டுனா? நான் இன்னும் லோரியிலதான் இருக்கேன், மழை கொட்டுதுலா."

கோடுகள் நிற்கவில்லை. இரண்டு ஒன்று, இரண்டு ஒன்று, வரவர வேகமாக, உள்ளே மாட்டிக்கொண்ட ஆள் கதவைத் தட்டுவதுபோல. இறங்காதீங்க அண்ணே என்று போனில் கத்தினேன், ஆபீஸே திரும்பிப் பார்த்தது.

மழை விட்டபின் வேறொரு குழு டெஸ்டரோடு போய்ப் பார்த்தது. பெட்டியில் கரண்ட் ஓடிக்கொண்டிருந்தது. லைனின் மறுமுனையிலிருந்து யாரோ கரண்டைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். மழையில் அந்தப் பென்சாவாங்கின் சிக்னல் எப்போதோ அறுந்துவிட்டதாம், நான் பார்த்தது பழைய பூஜ்யம். என் ஒரு வார்த்தையில் அண்ணன் கருகியிருப்பார். டாய்லெட்டுக்குள் போய் அழுதேன்.

சிக்னலே இல்லாதபோது தட்டியது மட்டும் எப்படி வந்தது? சிஸ்டம் கோளாறு என்றார் எங்கள் எஞ்சினியர். சரி, கோளாறு என்றே வைத்துக்கொள்வோம், அதற்குச் செல்வம் அண்ணன் தட்டுகிற மாதிரி தட்ட யார் சொல்லிக்கொடுத்தது?

அதன்பின் அண்ணன் எந்தப் பெட்டியையும் தட்டுவதில்லை. அந்த சென்சாரையும் மாற்றிவிட்டார்கள். ஆனாலும் கிள்ளானில் மழை வலுத்தால் அந்த மூன்று கோடுகள் வருகின்றன. நேற்றும் வந்தன. அண்ணன் என் பக்கத்து நாற்காலியில் மைலோ குடித்துக்கொண்டிருந்தார். திரையைப் பார்த்தார், கப்பை வைத்துவிட்டு வலது கையைத் தடவினார். விரல் முட்டிகளில் தோல் உரிந்து சிவந்திருந்தது.